பவளப்பாறையை மூடுற பாசியில இருந்து உணவுப் பொடி: செட்டிநாட்டுப் பக்கம் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர்னு நம்ம பக்கம் பலகாரம், மசாலாப் பொடி, இட்லிப் பொடி பண்ணி விக்கிறவங்க கொஞ்சம் பேரு இப்ப கடல்பாசிப் பொடி பத்தி விசாரிக்கிறாங்க. நோன்புக்குத் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வீட்டுல காய்ச்சுற கடல்பாசி இல்ல இது, அது அகர், வேற சாதிப் பாசி. நான் சொல்றது கப்பாஃபைகஸ்னு ஒரு பாசி. வளர்க்கறதுக்குன்னு வெளியில இருந்து கொண்டு வந்து, மன்னார் வளைகுடாவுல பவளப்பாறை மேல ஏறிப் படர்ந்து இப்ப தொல்லையாகிப் போனது. அதை நார்ச்சத்துப் பொடியாவும் குழம்பு, பாயசத்தைக் கெட்டியாக்குற பொருளாவும் மாத்தி முறையா விக்க முடியும்.

ஆனா நான் இறங்கினப்ப எந்த ஆபீசுக்கு முதல்ல போகணும், எந்த டெஸ்ட் எடுக்கணும், எந்த லைசென்ஸ் எதுக்குன்னு வரிசையா சொல்ல ஒரு ஆள் கிடைக்கல. மீன்வளத்துறையில கேட்டா உணவுப் பாதுகாப்புத் துறைங்கிறாங்க, அங்க போனா முதல்ல என்ன பொருள்னு எழுதிக் குடுங்கங்கிறாங்க, என்ன பொருள்னு எழுத லேப் ரிப்போர்ட் வேணும், லேப்ல சாம்பிள் குடுக்கப் போனா என்னென்ன டெஸ்ட்னு நீங்களே சொல்லுங்கங்கிறாங்க, இப்படியே சுத்தி வந்தேன். நீங்க சுத்தாம இருக்கணும்னுதான் இதை எழுதுறேன். இதுல முக்கியமே வரிசைதான். பாசி எங்க இருந்து வருதுங்கிறது முதல்ல, லேப் ரிப்போர்ட் ரெண்டாவது, லைசென்ஸ் மூணாவது, மெஷின் கடைசி. நிறைய பேரு மெஷின் கொட்டேஷன்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க.

1. எந்தப் பாசின்னு முதல்ல தெளிவாகுங்க

மண்டபம் கரையில போய் பாசி வேணும்னு கேட்டா நாலஞ்சு சாதி காட்டுவாங்க. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி ரெண்டும் அகருக்குப் போறது. கட்டக்கோரை பழுப்பு நிறம், அல்ஜினேட்டுன்னு இன்னொரு கெட்டியாக்குற பொருளுக்குப் போறது. இதெல்லாம் இந்தக் கடல்லயே இயற்கையா வளர்றது, நம்ம வேலைக்கு இது வேண்டாம். நமக்கு வேண்டிய கப்பாஃபைகஸை கரையில பெப்சி பாசின்னு சொல்வாங்க, அந்தக் கம்பெனி முன்னாடி இதை வளர்க்க ஏற்பாடு பண்ணதால வந்த பேரு. தண்டு விரல் தடிமனுக்குச் சதைப்பத்தா இருக்கும், பச்சை இல்லன்னா பழுப்பு கலந்த நிறம், உடைச்சா மளக்குன்னு உடையும்.

உடையுற இந்தக் குணம்தான் அதோட பலமும் ஆபத்தும். ஒரு துண்டு உடைஞ்சு தண்ணியில மிதந்து போய் பாறையில ஒட்டினாலே போதும், புதுச் செடியா வளரும். குருசடைத் தீவுல பவளப்பாறை மேல படர்ந்திருக்கிறதை 2008ல விஞ்ஞானிகள் பதிவு பண்ணாங்க. பாசி மேல போர்த்திருச்சுன்னா பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காது, அடியில உள்ளது செத்துப்போகும். அதனால உயிர்ப் பாசியை ஒரு கரையில இருந்து இன்னொரு கரைக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க, மிச்சத்தைக் கடல்ல வீசாதீங்க. காய்ஞ்சதை மட்டும் வாங்குனா இந்தப் பயமே இல்ல.

கட்டக்கோரை மாதிரிப் பழுப்புப் பாசி ஏன் வேண்டாம்னு சொல்றேன்னா, அந்த வகைகள்ல அயோடினும் ஆர்செனிக்கும் அதிகம் ஏறும். ஜப்பான்காரங்க சாப்பிடுற ஹிஜிகிங்கிற பழுப்புப் பாசியைச் சாப்பிடாதீங்கன்னு பிரிட்டன்லயும் கனடாலயும் அரசாங்கமே எச்சரிக்கை குடுத்திருக்கு, காரணம் கனிம ஆர்செனிக். நம்ம கட்டக்கோரையும் அதே சர்காசம் இனம்தான். வாங்குற மூட்டையில ரெண்டு மூணு சாதி கலந்து வந்தா உங்க லேப் ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே இல்லாமப் போயிரும்.

2. எங்க இருந்து எடுக்கலாம், எங்க கை வைக்கவே கூடாது

படையெடுத்த பாசியைத்தானே எடுக்கிறோம், நல்ல காரியம்தானேன்னு தீவுப் பக்கம் போட்டைத் திருப்பிராதீங்க. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல இருக்கிற 21 தீவும் 1986ல இருந்து கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம இறங்குறதே குத்தம், வனவிலங்குச் சட்டம் பாயும். பவளத்து மேல இருந்து இந்தப் பாசியை உரிக்கிறதும் ஆளுக்கு ஆள் பண்ற வேலை இல்ல, இழுக்குற இழுப்புல பவளம் உடையும், பிஞ்சு விழுற துண்டு எல்லாம் பத்து இடத்துல முளைக்கும். வனத்துறையே ஆள் வச்சு கையால எடுத்துக்கிட்டு இருக்கு. அந்தப் பாசியை வாங்கணும்னா ராமநாதபுரத்துல வன உயிரினக் காப்பாளர் ஆபீசுல எழுத்து மூலமா கேட்டு, எழுத்து மூலமா பதில் வாங்கணும். வாய்மொழியா யாராவது 'நான் எடுத்துத் தர்றேன் அண்ணே'ன்னு சொன்னா வேண்டாம்னுட்டு வந்துருங்க.

நமக்குச் சரியான வழி, பாக் நீரிணைப் பக்கம் அனுமதிக்கப்பட்ட இடத்துல மூங்கில் தெப்பம் போட்டு வளர்க்குற மகளிர் குழுக்கள்கிட்ட வாங்குறது. 2005 அரசாணைப்படி இந்தப் பாசியை பாக் நீரிணையோட வடக்குப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெக்கும்தான் வளர்க்கலாம், நடுவுல உள்ள தீவுப் பகுதியில கூடாது. அதனால குழுகிட்ட முதல் கேள்வியே உங்க தெப்பம் எந்தப் பக்கம்னு இருக்கட்டும். தெப்பத்துல இருந்து அறுந்து கரை ஒதுங்குற துண்டைப் பொறுக்கிக் காய வைக்கிற குழுக்களும் இருக்கு, அதை வாங்குறது ரொம்ப நல்லது, அந்தத் துண்டுகள்தான் திரும்ப மிதந்து போய்ப் பரவுறது. ஆனா மணல் அதிகம் இருக்கும், விலையில கழிச்சுக் கேளுங்க.

இன்னொரு விஷயம், நிறைய குழுக்கள் ஏற்கனவே ஒரு கம்பெனிக்குக் குடுக்கிறதா ஒப்பந்தத்துல இருக்கும், தெப்பம், கயிறு, விதைப்பாசி எல்லாம் கம்பெனி குடுத்திருக்கும். அவங்களைப் பிரிச்சு எடுக்கப் பாக்காதீங்க, அவங்க பொழப்புல கை வச்ச மாதிரி ஆயிரும். ஒப்பந்தம் இல்லாத குழுவா, இல்ல ஒப்பந்த அளவுக்கு மேல அறுவடை உள்ள குழுவான்னு தேடுங்க. மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மண்டல மையத்துல கேட்டா வழி சொல்வாங்க. நம்ம காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோட கடலியல் துறை தொண்டியிலதான் இருக்கு, பாசி சாதியை உறுதிப்படுத்த அங்க ஒரு காய்ஞ்ச துண்டு கொண்டு போய்க் காட்டலாம், மண்டபம் வரை அலைய வேண்டியது இல்ல.

வாங்குறப்ப குழு சீல் போட்ட ஒரு வவுச்சர் கட்டாயம் வாங்குங்க. தேதி, எடை, எந்தக் கரை, பாசி பேரு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து மூலப்பொருள் எங்கன்னு கேக்குறப்ப இந்த ஒரு தாள்தான் உங்களுக்குத் துணை.

3. மூட்டையைப் பிரிச்சுப் பாத்து வாங்குங்க

ஒரு வளர்ப்பு சுத்து 45 நாள். பச்சைப் பாசி 10 கிலோ காய்ஞ்சா கிட்டத்தட்ட 1 கிலோ. கரையில 'காய்ஞ்சது'ன்னு சொல்றது கம்பெனிக் கணக்குல காய்ஞ்சது, அதாவது ஈரப்பதம் 35 சதவீதம் வரை இருக்கும், தொட்டா ரப்பர் போல வளையும். உணவுப் பொடிக்கு அது 10, 12க்குக் கீழ வரணும். அப்ப நீங்க 100 கிலோ வாங்கினா அதுல கால்வாசிக்கு மேல தண்ணிக்குத்தான் காசு குடுக்கிறீங்க, மேல வெள்ளையாப் பூத்திருக்கிற உப்பு வேற தனி எடை. கழுவி, பொறுக்கி, காயவச்சு, அரைச்சு எடுக்கிறப்ப கையில நிக்கிறது 40, 50 கிலோன்னு வச்சே விலை போடுங்க. இந்தக் கணக்குல தப்புனா பிசினஸ் முழுக்க நட்டத்துலயே ஓடும்.

ஒரு பிடி அள்ளி வெள்ளைத் துணி மேல உதறுங்க. மணல் விழும், அது பரவாயில்ல, கழுவிரலாம். நீலம், பச்சைன்னு மெல்லிசா நூல் நூலா விழுதான்னு பாருங்க, அது தெப்பம் கட்டுன நைலான் கயிறு, வலைப் பிசிறு. பாசியோட கிளைக்கு நடுவுல இது சுத்திக்கிட்டு இருக்கும், அரைச்சுட்டா கண்ணுக்கே தெரியாது, கஸ்டமர் வயித்துக்குள்ள போயிரும். அடுத்து சின்னச் சின்ன நத்தை, கடுகளவு நண்டு ஓடு. நம்ம ஊருல சைவம் கண்டிப்பா பாக்குற வீடுகள்தான் பெரிய கஸ்டமர், அதனால இதைச் சும்மா விட முடியாது, கையாலதான் பொறுக்கணும். தண்டு அங்கங்க வெளுத்து மெலிஞ்சு கண்ணாடியா இருந்தா அது ஐஸ் ஐஸ் நோய் வந்த பாசி, ஜெல் பிடிக்காது, வேண்டாம். மழையில நனைஞ்சு திரும்பக் காஞ்சதும் அப்படித்தான், ஒரு புளிச்ச வாடை காட்டிக் குடுத்துரும்.

சாக்குல தரையில போட்டுக் காய வச்சதா, வலை கட்டித் தூக்கிக் காய வச்சதான்னு கேளுங்க. தூக்கிக் காய வச்சதுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கேப்பாங்க, குடுங்க, கழுவுற தண்ணியில அந்தக் காசு மிச்சம் ஆயிரும்.

4. மெஷினுக்கு முன்னாடி லேப்

முதல் தடவை அஞ்சு கிலோ போதும். நீங்க கடைசியா விக்கப்போற மாதிரியே கழுவிக் காய வச்சு வீட்டு மிக்சியில அரைச்சு, அந்தப் பொடியைத்தான் லேபுக்குக் குடுக்கணும், மூட்டையில இருந்து அப்படியே எடுத்த பாசியை இல்ல. நம்ம பக்கத்துக்குத் தஞ்சாவூர்ல இருக்கிற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் வசதி, நிஃப்டெம்னு சொன்னா தெரியும், முன்னாடி ஐஐஎஃப்பிடின்னு பேரு. டெஸ்டிங் லேபும் இருக்கு, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இன்குபேஷன் மையமும் இருக்கு. வேற லேபுக்குப் போனாலும் லேபுகளுக்குத் தரச் சான்று குடுக்குற என்.ஏ.பி.எல் அங்கீகாரமும், மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பட்டியல்ல பேரும் இருக்கான்னு பாத்துட்டுக் குடுங்க.

என்னென்ன டெஸ்ட்னு இப்படியே எழுதிக் கொண்டு போங்க: ஈரப்பதம், மொத்தச் சாம்பல், அமிலத்துல கரையாத சாம்பல், மொத்த நார்ச்சத்து, புரதம், கொழுப்பு, சோடியம், பொட்டாசியம், அயோடின், ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக், அப்புறம் மொத்த பாக்டீரியா, ஈஸ்ட் பூஞ்சை, ஈகோலை, சால்மொனெல்லா. அமிலத்துல கரையாத சாம்பல்ங்கிறது மணல் எவ்வளவுன்னு காட்டுறது, கழுவுன லட்சணம் இதுல தெரிஞ்சிரும். ஆர்செனிக்ல மட்டும் ஒரு விஷயம் கவனிங்க, கடல்பாசியில மொத்த ஆர்செனிக் எப்பவும் கொஞ்சம் கூடத்தான் காட்டும், அதுல பெரும்பகுதி ஆபத்து கம்மியான கரிம வடிவம், அதனால மொத்த அளவு பயமுறுத்துனா கனிம ஆர்செனிக்கைத் தனியா பாக்கச் சொல்லுங்க. ரிப்போர்ட்ல ஒவ்வொரு உலோகத்துக்கும் பக்கத்துலயே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உச்சவரம்பையும் அச்சடிச்சுத் தரச் சொன்னா அலுவலர்கிட்ட விளக்கம் சொல்ற வேலை மிச்சம்.

செலவு டெஸ்ட் எண்ணிக்கையைப் பொறுத்தது. எல்லாம் சேத்துப் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி எடுத்து வைங்க, கூடக் குறைய ஆகும், ரெண்டு மூணு வாரம் ஆகும். இந்த ரிப்போர்ட்ல உலோகம் வரம்பைத் தாண்டுனா அந்தக் கரைப் பாசியை விட்டுட்டு வேற கரை பாருங்க. கழுவிச் சரி பண்ணிரலாம்னு நினைக்காதீங்க, உலோகம் பாசியோட சதைக்குள்ள இருக்கு.

5. என்னவா விக்கப் போறீங்க?

பலரும் மாட்டிக்கிறது இங்கதான். ஒரே பொடியை மூணு விதமா விக்கலாம், மூணுக்கும் சட்டம் வேற.

காய்ஞ்ச கடல்பாசின்னு சாதாரண உணவுப் பொருளா விக்கிறது ஒண்ணு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐயோட உணவு வகைப் பட்டியல்ல காய்ஞ்ச காய்கறி, கடல்பாசி எல்லாம் 04.2.2.2ங்கிற எண்ல வருது, இந்த எண்ணைக் குறிச்சுக்கோங்க, போர்ட்டல்ல தேட இதுதான் உதவும். சத்து மாத்திரை, கேப்சூல், நியூட்ராசூட்டிக்கல்னு விக்கிறது இன்னொண்ணு, அதுக்குச் சின்ன அளவுல பண்றவங்களுக்கான ரெஜிஸ்ட்ரேஷன் செல்லாது, லைசென்ஸ் வேணும், தனி விதிமுறை, தனி லேபிள். மூணாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்ல காய்ச்சி, பாசியில கெட்டியாக்குற வேலையைச் செய்யுற கேரஜீனனைப் பிரிச்சு சேர்மானப் பொருளா விக்கிறது, அது கெமிக்கல் பிளான்ட், கழிவுநீர், மாசுக் கட்டுப்பாடு எல்லாம் சேந்து வரும். புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல் வழியில மட்டும் போங்க. விண்ணப்பத்துலயோ லேபிள்லயோ 'சப்ளிமென்ட்'ங்கிற ஒரு சொல்லை ஆசைப்பட்டு எழுதினா போதும், ஃபைல் இன்னொரு மேஜைக்குப் போயி அங்கயே உக்காந்துரும்.

விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடி லேப் ரிப்போர்ட்டோட சிவகங்கை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் ஆபீசுக்கு ஒரு தடவை நேர்ல போங்க. பாசியோட தாவரவியல் பேரு, எப்படிப் பதப்படுத்துறீங்க, எதுல சேக்கப் போறாங்க, எல்லாத்தையும் ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்து, இந்த வகையில போடலாமான்னு கேட்டுக்கோங்க. இந்தியாவுல சாப்பிட்ட வழக்கமே இல்லாத பொருள்னு அவங்க முடிவு பண்ணா 2017 விதிமுறைப்படி டெல்லி வரை தனி அனுமதி போகணும், அது பெரிய செலவு. அதை முன்னாடியே தெரிஞ்சுக்கிறது உங்களுக்கு நல்லது.

6. பேப்பர் வேலை

சிறு தொழில் பண்றவங்களுக்கான உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் முதல்ல, ஆதாரும் பான் கார்டும் இருந்தா ஆன்லைன்ல இலவசம். 'எடுத்துத் தர்றோம், ரெண்டாயிரம்'னு போன் வரும், குடுக்காதீங்க.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐக்கு ஃபாஸ்காஸ்னு ஆன்லைன் போர்ட்டல், அதுலதான் விண்ணப்பிக்கணும். நான் எடுத்தப்ப வருச விற்பனை 12 லட்சம் வரை ரெஜிஸ்ட்ரேஷன், வருசத்துக்கு 100 ரூபாய். அதுக்கு மேல மாநில லைசென்ஸ், தயாரிப்புன்னா வருசத்துக்கு 3000ல இருந்து 5000. வரம்பும் கட்டணமும் மாத்துவாங்க, அதனால பணம் கட்டுற அன்னைக்குப் போர்ட்டல்ல என்ன காட்டுதோ அதையே எடுத்துக்கோங்க. போட்டோ, அடையாள அட்டை, இடத்துக்கான வாடகை ஒப்பந்தம் இல்லன்னா வீட்டு வரி ரசீது, தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட், வேலை பாக்குறவங்களுக்கு மெடிக்கல் சர்டிபிகேட், லைசென்ஸ்னா மெஷின் பட்டியலும் இடத்தோட வரைபடமும். தண்ணி ரிப்போர்ட்டைக் கடைசி நேரத்துல தேடாதீங்க, நம்ம பக்கம் போர் தண்ணி பல ஊருல உப்பு, ஃபெயிலாச்சுன்னா ஆர்.ஓ போட்டுத் திரும்ப டெஸ்ட் எடுக்கணும்.

பழைய செட்டிநாட்டு வீட்டுல பின்கட்டை வாடகைக்கு எடுத்துப் பண்ணலாம்னு நினைக்கிறவங்க கவனிங்க, அந்த வீடுகள் பெரும்பாலும் பல பங்காளிகளுக்குப் பொதுச் சொத்து. ஒரு பங்காளி கையெழுத்துல ஒப்பந்தம் போட்டு, அப்புறம் இன்னொருத்தர் வெளியூர்ல இருந்து வந்து ஆட்சேபிச்சா லைசென்ஸ் முகவரியே போச்சு. எல்லாப் பங்குதாரர்கிட்டயும் சம்மதக் கடிதம் வாங்குங்க, இல்லன்னா தனி ஆள் பேர்ல உள்ள இடம் பாருங்க.

ஊராட்சி, பேரூராட்சி, காரைக்குடின்னா மாநகராட்சியில தொழில் உரிமம். பாக்கெட் போட்டு விக்கிறதால எடையளவுச் சட்டத்துல பேக்கர் பதிவு, 500 ரூபாய், பாக்கெட் போட ஆரம்பிச்சு 90 நாளுக்குள்ள, தொழிலாளர் துறையில. இதை யாரும் சொல்றதே இல்ல, ஆனா கடையில பாக்கெட்டை எடுத்துப் பாக்குற இன்ஸ்பெக்டர் முதல்ல கேக்குறது இதைத்தான். ஜி.எஸ்.டி, தமிழ்நாட்டுக்குள்ள பொருள் மட்டும் விக்கிறதா இருந்தா 40 லட்சம் வரை கட்டாயம் இல்ல, வெளி மாநிலத்துக்கு அனுப்புனா தொகை எவ்வளவா இருந்தாலும் வேணும்.

7. கழுவி, காய வச்சு, அரைக்கிறது

முதல் கழுவல் கடல் தண்ணியிலயே கரையில நடக்கட்டும், குழுகிட்டயே சொல்லி கிலோவுக்குக் கொஞ்சம் சேத்துக் குடுத்துருங்க. நம்ம ஊருக்குக் கொண்டு வந்து நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசணும், ரொம்ப நேரம் ஊற விட்டா ஊதிப் பெருத்து காயவே காயாது, வேகமா அலசி எடுத்துரணும். இந்த அலசல்லதான் பொட்டாசியம் உப்பு கரைஞ்சு வெளிய போகும், பொடியோட கரிப்பு குறையும்.

அந்தக் கழுவுன தண்ணியை என்ன பண்றதுன்னு முன்னாடியே யோசிச்சு வைங்க. ஊரணிக்குப் போற வாய்க்கால்ல விட்டுறாதீங்க. எத்தனை தலைமுறையா மழைத் தண்ணியைச் சேத்துக் காப்பாத்துற ஊரணி அது, அதுல உப்பு ஏறுனா இறக்க வழியே இல்ல. தரையிலயும் கொட்டக் கூடாது, கிணத்துக்கு இறங்கிரும். அகலமா, ஆழம் கம்மியா ஒரு சிமென்ட் தொட்டி கட்டி அதுல விட்டா நம்ம வெயிலுக்குத் தானா வத்திரும், அடியில நிக்கிற உப்பை வழிச்சு எடுத்துரலாம்.

காய வைக்க நம்ம ஊரு வெயிலு வரம். கடற்கரைக் காத்துல ஈரம் இருக்கும், இங்க மாசியில இருந்து ஆடி வரை மொட்டை மாடியில வலைத்தட்டு கட்டி மேல மெல்லிசுத் துணி போட்டா ரெண்டு நாள்ல குச்சி மாதிரி ஒடியுற பதம் வந்துரும். சாயந்திரம் ஆறு மணிக்கு முன்னாடி உள்ள எடுத்துருங்க, பனி பட்டா திரும்ப ஈரம் இழுக்கும். காக்கா, பூனை, புறா எச்சம் மூணும் பெரிய பிரச்சினை, சால்மொனெல்லா வர்ற வழியே அதுதான், பணம் இருந்தா பாலிகார்பனேட் கூரை போட்ட சோலார் டிரையர் போட்டுருங்க.

அரைக்கிறதுக்கு மிளகா, மல்லி அரைக்கிற மில்லுல குடுக்காதீங்க. எவ்வளவு துடைச்சாலும் காரம் ஏறும், பாயசத்துல போட்டா தெரிஞ்சிரும். சின்னதா ஒரு ஸ்டீல் பல்வரைசர் வாங்குங்க. பாசி ரொம்பக் கெட்டி, ரெண்டு தடவை ஓட்டிச் சலிக்கணும், இடையில மெஷின் சூடு தணியுறவரை நிறுத்தணும், சூட்டுல பொடி பழுப்பாயிரும். அரைச்ச உடனே அலுமினியம் உள்ள பவுச்சுல போட்டு ஒட்டிருங்க, இந்தப் பொடி காத்துல இருக்கிற ஈரத்தை அப்படி இழுக்கும், ஐப்பசி மழையில திறந்து வச்ச டப்பா ஒரே ராத்திரியில கட்டியாயிரும்.

8. சமையல்ல எவ்வளவு போடலாம்

பலகாரம் பண்ற ஆச்சி ஒருத்தர் வீட்டுல தேன்குழல் மாவுல போட்டுப் பாத்தோம். நூறு கிராம் மாவுக்கு ரெண்டு கிராம் போட்டா தண்ணி கொஞ்சம் கூடப் பிடிக்குது, பிழியுறப்ப அறுந்து விழாம வருது, கவுச்சி வாடை சுத்தமா தெரியல. அஞ்சு கிராம் போட்டப்ப மாவு இறுகி அச்சுல இருந்து இறங்கல, பொரிச்சதும் கடினமா இருந்துச்சு, "இதை யாரு கடிக்கிறது"ன்னு ஆச்சி ஒதுக்கி வச்சுட்டாங்க. அதனால பொரிக்கிற பலகாரத்துக்கு ரெண்டு சதவீதம்தான் எல்லை.

பால் சேர்ற பண்டத்துல இது நல்லா வேலை செய்யும், கேரஜீனன் பால் புரதத்தோட சேந்து கெட்டியாகுற குணம் உள்ளது. பால் பாயசத்துல லிட்டருக்கு ரெண்டு, மூணு கிராம் குளிர்ந்த பால்லயே கரைச்சுட்டு அப்புறம் கொதிக்க விடணும், கொதிக்கிற பால்ல நேராத் தூவினா முட்டை முட்டையா நிக்கும். புளிக்குழம்பு, ரசத்துல போட்டு ரொம்ப நேரம் கொதிக்க விட்டா புளிப்பு அந்த நாரை உடைச்சுரும், இறக்குறப்ப போடச் சொல்லுங்க.

ஒரு நாளைக்கு எவ்வளவுங்கிறதை அயோடின் ரிப்போர்ட்தான் சொல்லணும். பெரியவங்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை, அயோடின் உப்புல இருந்தே அது பெரும்பாலும் கிடைச்சுருது. உங்க பொடியில கிராமுக்கு 50 மைக்ரோகிராம் இருக்குன்னு வைங்க, 3 கிராம் சாப்பிட்டாலே முழு நாள் அளவு மேல சேந்துருது. கேரஜீனனுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018ல தற்காலிகமா வச்ச வரம்பு உடல் எடை கிலோவுக்கு 75 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு 4.5 கிராம். இது ரெண்டையும் வச்சுத்தான் பாக்கெட்ல 'நாளைக்கு இவ்வளவு'ன்னு போடணும், நான் 2 கிராமுக்கு மேல போடல. தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க, கர்ப்பிணிங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சாப்பிடணும், பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருக்கிற கிட்னி நோயாளிங்க தவிர்க்கணும், கைக்குழந்தைக்குக் குடுக்கக் கூடாது. இதைப் பாக்கெட் மேல பெரிய எழுத்துல தமிழ்லயே போடுங்க. நம்மளை நம்பி வாங்குற வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு முடியாமப் போகக் கூடாது.

9. லேபிள்ல மாட்டிக்கிற இடம்

'நார்ச்சத்து உள்ளது'ன்னு எழுத 100 கிராம் பண்டத்துல 3 கிராம் நார் இருக்கணும், 'நார்ச்சத்து நிறைந்தது'ன்னா 6 கிராம். இப்ப கணக்குப் போடுங்க, பொடியில பாதி நார்னு வச்சாலும் தேன்குழல்ல ரெண்டு சதவீதம் போட்டா 100 கிராமுக்கு 1 கிராம்தான் சேருது. அப்ப அந்தத் தேன்குழல் பாக்கெட்ல பாசியைக் காட்டி நார்ச்சத்துப் பெருமை எழுத முடியாது, தனிப் பொடி பாக்கெட்ல எழுதலாம். சுகர் குறையும், கொழுப்பு கரையும், தைராய்டு சரியாகும், எதையும் எழுதக் கூடாது, வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போட்டாலும் அது விளம்பரம்தான்.

மத்தது வழக்கமானதுதான்: பொருள் பேரு, பாசியோட தாவரவியல் பேரு, சத்து அட்டவணை, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண், நிகர எடை, எம்.ஆர்.பி, பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, எந்தத் தேதிக்குள்ள பயன்படுத்தணும், முகவரி, கஸ்டமர் கேர் நம்பர், பச்சைப் புள்ளி. நண்டு, இறால் இனத்தோட துகள் இருக்க வாய்ப்புன்னு அலர்ஜி எச்சரிக்கையும் சேருங்க, எவ்வளவு பொறுக்குனாலும் முழுசா போகாது, கேக்குற சைவக்காரங்ககிட்ட இதை மறைக்காமச் சொல்லிருங்க.

10. பணமும் மாசமும்

மானியத்துக்குப் பிரதமரின் குறு உணவுத் தொழில் திட்டம்னு ஒண்ணு, 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், நம்ம கைக்காசு குறைஞ்சது 10 சதவீதம். திட்டக் காலம் நீட்டிப்பு, புது யூனிட்டுக்கு என்ன நிபந்தனைன்னு முன்னாடியே விசாரிச்சுக்கோங்க. இல்லன்னா மாவட்டத் தொழில் மையம் வழியா பி.எம்.இ.ஜி.பிங்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம், கிராமப்புறத்துல பொதுப் பிரிவுக்கு 25, பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதம். ரெண்டுமே பேங்க் லோனோட கட்டுன மானியம், லோன் சேங்ஷன் ஆகுறதுக்கு முன்னாடி சொந்தக் காசுல மெஷின் வாங்கிட்டு பில்லைக் கொண்டு போனா கிடைக்காது.

மாசக் கணக்குக்கு வாங்க. வடகிழக்குப் பருவமழை நேரத்துல பாக் நீரிணை கொந்தளிக்கும், தெப்பத்தை ஏத்திருவாங்க, ஐப்பசியில இருந்து மார்கழி வரை புதுப் பாசி கிடைக்காது. அதனால தை, மாசியில கரைக்குப் போய் குழுவைப் பாத்துப் பேசி சாம்பிள் வாங்கி லேபுக்கு அனுப்பிருங்க, பங்குனிக்குள்ள ரிப்போர்ட்டும் அலுவலர் ஆபீஸ் பேச்சும் முடிஞ்சிரும். சித்திரை, வைகாசியில லைசென்சும் லோனும் ஓடட்டும், ரெஜிஸ்ட்ரேஷன் சீக்கிரம் வந்துரும், லைசென்சுக்கு 60 நாள் வரை ஆகும்னு வைங்க. ஆனி, ஆடியில முதல் பெரிய லாட் வாங்கிக் காய வச்சுருங்க, புரட்டாசிக்குள்ள மழைக்காலத்துக்கு வேண்டிய ஸ்டாக்கும் சேத்து வச்சுட்டா தீபாவளி பலகார ஆர்டர் வர்றப்ப பொடி கையில இருக்கும். கரை மாறினாலோ குழு மாறினாலோ அந்த லாட்டுக்கு உலோக டெஸ்டும் அயோடினும் மட்டுமாவது திரும்ப எடுத்துட்டு அரைக்க ஆரம்பிங்க.